கோழி தூங்கி விழுகிறதா? மருந்து வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கோழி தூங்கி விழுகிறதே என்று நம் கண்ணில் படும்போது, பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று நாளாகவே உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். நோஞ்சானாகத் தெரிகிற கோழியை மற்றவை கொத்தி விரட்டும், பூனையும் பருந்தும் முதலில் அதைத்தான் குறிவைக்கும். அதனால் முடிகிறவரை நன்றாக இருப்பதுபோலவே நடமாடும், தீவனத் தட்டுக்கு வந்து கொத்துவதுபோல் தலையை ஆட்டும், ஆனால் ஒரு மணிகூட உள்ளே போயிருக்காது. கொல்லையில் பத்து கோழி வளர்க்கிறவருக்கு உண்மையான சாதகமே ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தெரியும் என்பதுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எச்சம் கொஞ்சம் தண்ணியாகப் போனவுடன் கைக்குக் கிடைத்த ஆன்டிபயாடிக்கை எல்லாக் கோழிக்கும் தண்ணீரில் கலந்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பாதி நேரம் அது கிருமியே இல்லாத பிரச்சினை, மீதியில் பலவும் வைரஸ், அதற்கு அந்த மருந்து வேலையே செய்யாது.

கூண்டைத் திறக்கிற அந்த ஐந்து நிமிடம்

காலையில் திறந்துவிட்டதும் உடனே உள்ளே போய் வேலையை ஆரம்பிக்காதீர்கள். கொஞ்சம் தானியத்தை வீசிவிட்டு ஓரமாக நில்லுங்கள். எது கடைசியாக வெளியே வருகிறது, எது ஓடி வராமல் நடந்து வருகிறது, எது இறகைச் சிலிர்த்துக்கொண்டு கழுத்தை உள்ளே இழுத்து நிற்கிறது என்று பாருங்கள். வழக்கமாக முதலில் ஓடிவருகிற பெட்டை இன்று நாலாவதாக வந்தால் அதுவே ஒரு செய்தி. தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையிடும் கோழி ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் அதைவிட நிறைய. தண்ணீர் திடீரென்று குறைவாகச் செலவானால் அடுத்து தீவனமும் குறையும், அப்புறம் முட்டையும் நிற்கும்.

இரவு அடைந்த பிறகு ஒரு தடவை போய் விளக்கைப் போடாமல் சும்மா காதுகொடுத்துக் கேளுங்கள். பகலில் சத்தத்தில் தெரியாத தும்மல், மூச்சில் வருகிற கரகர ஓசை, 'ச்சிக்' என்று ஒரு சின்ன இருமல், எல்லாம் அந்த அமைதியில் தெளிவாகக் கேட்கும். சளி நோய்களை முதலில் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

நோய் இல்லாததை நோய் என்று நினைத்துக்கொள்வதும் நடக்கும். அடைக்கோழி நாள் முழுக்கக் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும், கிட்டே போனால் சிலிர்த்துக் கத்தும், ஒரே தடவையில் பெரிய நாற்றமெடுத்த எச்சம் போடும், கொண்டைகூடக் கொஞ்சம் வெளுக்கும், இதெல்லாம் சரிதான். வருடத்துக்கு ஒரு முறை இறகு உதிர்க்கும் பருவத்தில் பார்க்கவே பரிதாபமாக இருக்கும், முட்டையும் நின்றுபோகும், புரதம் கூடுதலாக உள்ள தீவனம் கொடுத்தால் போதும். அப்புறம் எச்சம். பழுப்பு நிறத்தில் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருப்பது சாதாரண எச்சம், அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒரு முறை கரும்பழுப்பாக, பசைபோல, குடலைப் பிரட்டும் நாற்றத்தோடு ஒன்று வரும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, அதைக் கழிச்சல் என்று எண்ணி மருந்து கொடுத்துவிடாதீர்கள்.

கையில் எடுத்துப் பார்ப்பது

சந்தேகம் வந்த கோழியைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும், இரவில் பிடித்தால் அலைக்கழிக்காமல் பிடிக்கலாம். முதலில் மார்பெலும்பு. நெஞ்சின் நடுவே விரலை வைத்துத் தடவினால் இரண்டு பக்கமும் சதை மேடாக இருக்க வேண்டும். எலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டு நின்றால் பல நாளாக இளைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இறகு மூடியிருப்பதால் வெளியே தெரியவே தெரியாது. அடுத்து கழுத்துக்குக் கீழே வலது பக்கமாக இருக்கும் தீனிப்பை. சாயங்காலம் அது நிறைந்திருக்க வேண்டும், காலையில் தீவனம் போடும் முன் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தால் அடைப்பு. கொழகொழவென்று, வாயைத் திறந்தால் புளித்த வாடை வந்தால் உள்ளே பூஞ்சை புளிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலமும் காலியாக இருந்தால் அது சாப்பிடவே இல்லை.

கொண்டை வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது, காரணம் பெரும்பாலும் செள்ளு, குடற்புழு அல்லது இரத்தக்கழிச்சல். நீலமோ கருஞ்சிவப்போ ஓடியிருந்தால் மூச்சோ இதயமோ சரியில்லை, அது அவசரம். கண்ணில் நுரை, மூக்குத்துளையில் ஒட்டிய தூசி, முகத்தில் ஒரு பக்க வீக்கம், வாய்க்குள் மஞ்சள் படிவு, இதையெல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். வாலைத் தூக்கி ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருக்கிறதா, இறகின் அடியில் பேன் முட்டை கொத்தாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக உள்ளங்கால். அங்கே கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்து அதைச் சுற்றி வீங்கியிருந்தால் அது சீழ்க்கட்டி. இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கிருமிநாசினி போட்டுச் சுற்றிக் கட்டலாம், ஆனால் கட்டி பெரிதாக இருந்தால் கால்நடை மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும்.

எச்சத்தில் பச்சை நிறம் பார்த்ததும் வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோய்தான் என்று பயப்பட வேண்டாம். வயிறு காலியாக இருக்கும் எந்தக் கோழிக்கும் பித்தம் மட்டும் வெளியேறிப் பச்சையாகத்தான் போகும். அது சாப்பிடவில்லை என்பதைத்தான் அந்தப் பச்சை சொல்கிறது, ஏன் சாப்பிடவில்லை என்பதை மற்ற அறிகுறிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்ன நோயென்று தெரியாவிட்டாலும் முதல் நாளே செய்ய வேண்டியது

தனியாகப் பிரித்து வையுங்கள். இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. காற்றோட்டமுள்ள, ஆனால் காற்று நேரடியாக அடிக்காத ஓர் அட்டைப்பெட்டியோ கூண்டோ போதும், மற்றவற்றிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், சாப்பிடாத கோழியால் அதைத் தக்கவைக்க முடியாது, அதனால் 27 முதல் 30 டிகிரி வரை இதமான சூடு கொடுப்பது பாதி வைத்தியம். ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்தால் சூடு அதிகமானால் அதுவே நகர்ந்துகொள்ளும். வெயில் தாங்காமல் இறக்கையை விரித்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும் கோழிக்கு மட்டும் இதற்கு நேர்மாறு: நிழல், குளிர்ந்த தண்ணீர், காலை நனைத்தல்.

அடியில் வெள்ளைக் காகிதமோ பழைய துணியோ விரியுங்கள், எச்சம் எப்படி, எத்தனை முறை என்பது அப்போதுதான் தெரியும். கோழிக்கான எலக்ட்ரோலைட் பொடி இருந்தால் ஒரு நாள் கொடுக்கலாம், நாள் கணக்கில் கொடுக்காதீர்கள், உப்பு அதிகமானால் கோழி தாங்காது. தீவனத்தை வெந்நீரில் குழைத்து வைத்தால் மணத்துக்கே சிலது கொத்த ஆரம்பிக்கும்.

வாயில் ஊற்றிக் கொடுப்பதில்தான் நிறைய கோழிகள் நோயால் சாகாமல் நம் கையால் சாகின்றன. கோழி வாயைத் திறந்து பாருங்கள், நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னால், நடுவில், திறந்து திறந்து மூடும் ஒரு பிளவு தெரியும். அது மூச்சுக்குழலின் வாய். பீச்சுக்குழலை நேராக உள்ளே விட்டு அமுக்கினால் மருந்து அங்கேதான் போகும், கோழி துடித்துச் செத்துவிடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அது தலையைத் தூக்கி விழுங்கட்டும், அப்புறம் அடுத்த சொட்டு. நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

நல்ல கோழிகளின் வேலையை முடித்துவிட்டுத்தான் நோய்க் கோழியிடம் போக வேண்டும். அங்கே தனிச் செருப்பு, தனிப் பாத்திரம், திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவல். கோழியின் எச்சத்திலிருந்து சால்மொனெல்லா மனிதருக்கும் தொற்றும், சின்னப் பிள்ளைகள் நோய்க் கோழியைக் கொஞ்சுவதை அந்த நாட்களில் அனுமதிக்காதீர்கள்.

இரத்தக்கழிச்சல்: குஞ்சு வளர்ப்பவர் எல்லோரும் ஒரு நாள் பார்ப்பது

மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரம் வரையுள்ள குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும். ஐமீரியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணி குடல் சுவரைக் கிழித்துப் பெருகுகிறது. எச்சத்தில் இரத்தமோ செம்பழுப்புச் சளியோ தெரியலாம், ஆனால் எல்லா வகையிலும் இரத்தம் வெளியே தெரியாது, அதனால் இரத்தம் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் சில போய்விடும். ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து, பொட்டலத்தில் போட்ட அளவுப்படி, சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். நோய்க் குஞ்சு தின்னாது, ஆனால் குடிக்கும், அதனால்தான் தண்ணீரில். வேறு தண்ணீர் எதுவும் அப்போது கிடைக்கக் கூடாது. இந்த மருந்து தயமின் எனும் பி1 வைட்டமினைப் போல வேடமிட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது, ஆகவே மருந்து ஓடும் நாட்களில் தெம்புக்கென்று பி காம்ப்ளெக்ஸ் டானிக்கைச் சேர்த்தால் மருந்து வீணாகிவிடும். வைட்டமினை மருந்து முடிந்தபின் கொடுங்கள்.

மருந்தைவிட முக்கியம் தரை. எச்சத்தோடு வெளியேறும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரமும் சூடும் இருந்தால் ஓரிரு நாளிலேயே தொற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும், சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது, நன்றாகக் காயவைப்பதற்குத்தான் பயப்படும். கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள், உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், மாற்றுங்கள், உதிர்ந்தால் சரி. அப்படியே குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். மூக்கில் அமோனியா நெடி ஏறினால் அவற்றின் கண்ணும் நுரையீரலும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கின்றன.

வெள்ளைக்கழிச்சல்

ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். இது வைரஸ், மருந்து கிடையாது, கிடையாது என்பதை இரண்டு முறை சொல்கிறேன். பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத்திணறல், அப்புறம் கழுத்து முறுக்கிக்கொண்டு வானம் பார்ப்பது, இறக்கையும் காலும் இழுத்துக்கொள்வது என்று வரும், சில நேரம் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே இரவில் பல விழுந்து கிடக்கும். தடுப்பூசிதான் ஒரே வழி. பொதுவாகக் குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக, சுமார் நான்காம் வாரத்தில் மறுபடியும், இரண்டு மாதம் வாக்கில் ஊசியாகவும் போடுவார்கள்; உங்கள் பகுதி அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். உயிருள்ள வைரஸ் தடுப்பு மருந்து என்பதால் 2 முதல் 8 டிகிரிக் குளிரில்தான் எடுத்து வர வேண்டும், கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், குளோரின் கலந்த தண்ணீர் பட்டால் செத்துவிடும். நோய் நுழைந்த பிறகு தூங்கிக்கொண்டிருக்கும் கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை, நல்ல உடம்புள்ள கோழிக்குத்தான் போட வேண்டும். இந்த வைரஸ் மனிதருக்குக் கண் சிவப்பை உண்டாக்கும், கண்ணைக் கசக்காதீர்கள்.

சளி, அம்மை, கால் இழுப்பு

சளி என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது பல நோய். முகம் ஒரே நாளில் வீங்கி, மூக்கொழுகலில் தாங்க முடியாத நாற்றம் வந்து, இரண்டு மூன்று நாளில் பாதிக் கூட்டத்துக்கும் பரவினால் அது கொரைசாவாக இருக்கும். மெதுவாக, வாரக்கணக்கில், கண்ணில் நுரையும் இரவில் கரகரப்புமாக இழுத்துக்கொண்டு போனால் மைகோபிளாஸ்மா. இரண்டுமே பாக்டீரியா, ஆன்டிபயாடிக் கேட்கும், ஆனால் எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். முக்கியமானது: இந்த இரண்டிலிருந்தும் தேறிய கோழி வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டுதான் இருக்கும், மைகோபிளாஸ்மா முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அந்தக் கோழியை யாருக்கும் விற்காதீர்கள், அடைக்கு முட்டை எடுக்காதீர்கள்.

கோழி அம்மை கொண்டையிலும் முகத்திலும் மருபோலக் கொப்புளமாக வந்து கறுத்துப் பொருக்காகும். கொசுதான் முக்கியமாகப் பரப்புகிறது. பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதில்தான் வைரஸ் இருக்கிறது, மேலே அயோடின் தடவினால் புண் வேறு கிருமி பிடிக்காமல் இருக்கும், மூன்று நாலு வாரத்தில் தானாக உதிரும். கண் மூடிப்போய்விட்டால் தீவனம் தெரியாமல் பட்டினி கிடக்கும், அதுதான் பல நேரம் சாவுக்குக் காரணம், அதனால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கண்ணைத் துடைத்துக் கையால் ஊட்டுங்கள். வாய்க்குள் படிவு வந்து மூச்சு அடைக்கிற வகை ஆபத்தானது.

வளரும் கோழி ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டி விழுந்து கிடந்தால் மேரெக்ஸ் நோய். பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான் காக்கும், வந்தபின் வைத்தியம் இல்லை. சின்னக் குஞ்சின் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் அது வேறு, ரைபோபிளேவின் எனும் பி2 குறைவு, ஆரம்பத்திலேயே கொடுத்தால் நன்றாகத் தேறும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரவில் வரும் செள்ளு

கோழி இரவில் கூண்டுக்குள் போக மறுக்கிறது, கொண்டை வெளுத்திருக்கிறது, பகலில் உடம்பு முழுக்கத் தேடினாலும் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் இருட்டிய பிறகு டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுங்கள். துணியில் இரத்தக் கோடு விழுந்தால் அது சிவப்புச் செள்ளு. பகலெல்லாம் கட்டை இடுக்கிலும் ஆணித் துளையிலும் ஒளிந்திருந்து இரவில் மட்டும் ஏறிக் குடிக்கும், அதனால் கோழிக்கு மருந்து போடுவது பாதிகூட இல்லை, கூண்டுக்குத்தான் வைத்தியம். எல்லாவற்றையும் கழற்றி வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காயவைத்து, இடுக்குகளில் கோழிக் கொட்டகைக்கு அனுமதிக்கப்பட்ட செள்ளு மருந்தை அடிக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும், அதனால் ஏழாம் நாள் மறுபடியும், அப்புறம் இன்னொரு தடவையும். கூண்டைச் சும்மா போட்டுவைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், மாதக்கணக்கில் இரத்தம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். பெர்மெத்ரின் பொடி வீட்டுப் பூனைக்கு விஷம், அதையும் நினைவில் வையுங்கள்.

பேன் கோழியின் மேலேயே வாழும், பொடி தூவிப் பத்துப் பதினான்கு நாளில் மறுபடி தூவினால் தீரும். கால் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்தாற்போல் இருந்தால் அதுவும் ஒரு செள்ளுதான்: வெந்நீர் சோப்பில் ஊறவைத்துத் தேய்த்து, வாசலின் கனமாகத் தடவி, மூச்சு முட்டச் செய்ய வேண்டும், வாரக்கணக்கில். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துவிடும். குடற்புழுவுக்கு ஒரு சொல்: பைபரசின் பெரிய உருளைப்புழுவை மட்டும்தான் வெளியேற்றும், மற்ற பலவற்றுக்கு ஃபென்பெண்டசோல் போன்றது வேண்டும். எச்சத்தைப் பரிசோதித்துக் கொடுப்பது நல்லது.

முட்டை சிக்கினால், தீனிப்பை அடைத்தால்

பெட்டை நிமிர்ந்து நின்று, வாலைக் கீழே போட்டு, முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். வயிறு முங்கும்படி இளஞ்சூடான தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து, துடைத்து, ஆசனவாயில் வழவழப்பான ஜெல் தடவி, இருட்டான சூடான இடத்தில் விடுங்கள், கால்சியமும் கொடுங்கள். அழுத்தி வெளியே தள்ளப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் கோழி பிழைப்பது கடினம். ஒரு நாளுக்குள் வரவில்லையென்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இறுகிய தீனிப்பைக்குத் தீவனத்தை நிறுத்தி, தண்ணீரும் சில சொட்டு எண்ணெயும் கொடுத்து, மெதுவாகப் பிசைந்துவிட்டால் சில நேரம் இளகும். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைப்பதை மட்டும் செய்யாதீர்கள், அது நேராக நுரையீரலுக்குப் போகும். புளித்த தீனிப்பைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் கூடும்.

மருந்து கொடுத்த பிறகும், செத்த பிறகும்

ஆன்டிபயாடிக் கொடுத்தால் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். எத்தனை நாள் முட்டையையும் கறியையும் ஒதுக்க வேண்டும் என்று மருந்துச் சீட்டில் எழுதியிருக்கும், அதுவரை வீட்டுப் பிள்ளைக்குக்கூடக் கொடுக்காதீர்கள், கடைக்கு விற்கவும் வேண்டாம்.

ஒன்று செத்தால் புதைத்துவிட்டு மறந்துவிடாமல், பக்கத்தில் கால்நடை நோய்ப் பரிசோதனைக் கூடம் இருந்தால் பையில் கட்டி, பனிக்கட்டியோடு, உறையவைக்காமல், அன்றே கொண்டுபோங்கள். ஒரு பிரேதப் பரிசோதனை மீதி ஒன்பதைக் காப்பாற்றும். ஆனால் ஓரிரு நாளில் பல கோழிகள் சட்டென்று சாகின்றன, தலை வீங்கி, கொண்டை நீலமாகி, முட்டை அடியோடு நின்றுவிட்டது என்றால் அது பறவைக்காய்ச்சலாக இருக்கக்கூடும். அப்போது எதையும் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், எங்கும் எடுத்துப்போகாதீர்கள், விற்கவே கூடாது. கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லி அவர்கள் வரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள்.

வெளியிலிருந்து வாங்கும் கோழியைக் குறைந்தது 30 நாள் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். தேறிவந்த கோழியை உடனே உள்ளே விட்டால் மற்றவை அந்நியமாகக் கருதிக் கொத்திக் கிழித்துவிடும். சில நாள் கம்பி வலைக்கு அந்தப் பக்கமாக வைத்து ஒன்றையொன்று பார்க்க விடுங்கள், அப்புறம் ஓர் இரவு எல்லாம் அடைந்தபின் கட்டையில் ஏற்றி உட்காரவையுங்கள், மறுநாள் காலையில் தீவனத் தட்டை இரண்டு இடத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூடவே நில்லுங்கள்.